தவிட்டு ஒத்தடம்

என் நாத்தனார் அம்சத்துக்குக் கைராசி உண்டென்று குத்தாலம் முழுக்கச் சொல்வார்கள். சுளுக்கு, வாய்வுப் பிடிப்பு, பிள்ளைபெற்றவளின் இடுப்புவலி, எதுவானாலும் சரி. அம்சம் வந்து இரும்புச் சட்டியில் தவிட்டை வறுத்து, பழைய வேட்டித் துணியில் முடிந்து ஓர் ஒத்தடம் கொடுத்தால் ஆள் எழுந்து நடப்பார் என்று பேச்சு. கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. அப்படிப்பட்ட நானே அந்தக் கைராசியை வீட்டுக்குள் அழைக்கும்படி ஆனது, என் வீட்டுக்காரர் நடராசனுக்கு வியாதி வந்த பிறகுதான்.

நுரையீரலில் ஆரம்பித்த புற்று முதுகெலும்புக்கு இறங்கிவிட்டது. குணமாக்க முடியாது, வலியில்லாமல் வைத்துக்கொள்ளப் பார்க்கலாம் என்று தஞ்சாவூரில் நாங்கள் காட்டிய தனியார் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். சரி, அதையாவது செய்யுங்கள் சாமி என்றேன். அய்யம்பேட்டைக்குப் பக்கத்தில் எங்கள் நிலம். மனிதர் வரப்பில் நடந்தால் பின்னால் போகிறவர் ஓட வேண்டும். அவர் இப்போது படுக்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல், நாற்காலியின் முதுகில் நெற்றியை முட்டுக்கொடுத்து நின்றுகொண்டிருந்தார். நான் கடவுளிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். வலி போக வேண்டும், ஆள் இருக்க வேண்டும். பேராசையா இது?

முதுகில் ஒட்டுகிற பேட்ச் எழுதிக்கொடுத்தார்கள். தீப்பெட்டிப் படம் அளவுக்கு ஒரு மெல்லிசுப் பிளாஸ்திரி. மூன்று நாளைக்கு ஒன்று ஒட்ட வேண்டும். விலையைக் கேட்டதும் மருந்துக்கடை வாசலிலேயே எனக்கும் முதுகு வலித்தது. மகன் ராஜராஜன் சிங்கப்பூர் கப்பல் பட்டறையில் ஓவர்டைம் பார்த்து அனுப்பினான். போனில் பேசும்போதே அவன் குரல் தூங்கி வழியும்.

"கவர்மெண்டு ஆஸ்பத்திரியில கேட்டுப் பாப்பமாங்க?" என்று ஒருதடவை வாயைத் திறந்தேன்.

அந்த வலியிலும் முறைத்தார். "நமக்கு என்ன வந்துச்சு? அங்க போயி வரிசையில நிக்கணுமா? சும்மா குடுக்கிற மருந்து என்னத்தக் கேக்கும்?"

உடம்பில் எல்லாவற்றையும் தின்ற புற்று, அந்த வீம்பை மட்டும் தொடவில்லை.

பேட்சை ஒட்டிய முதல் நாள் ஒன்றும் தெரியவில்லை. அது உள்ளே இறங்க நேரமாகும் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். வலியில் துடிக்கிறவருக்கு அது புரியுமா? "அக்காவுக்குப் போன் போடு" என்றார். மறுநாள் காலை ரயிலில் அம்சம் அண்ணி வந்து இறங்கினார், ஒரு பை துணியும் ஒரு பை தவிடுமாக. எங்கள் ஊரில் தவிடே கிடைக்காது பாருங்கள்.

"என்ன அகிலாண்டம் இது, ரவிக்கைக்கு ஒட்டுப் போட்ட மாரி? இதுக்கா எம் மருமவன் ராப்பகலா ஒழைக்கிறான்?" என்று முதுகைப் பார்த்துச் சிரித்தார்.

"இங்கிலீசு மருந்து அண்ணி. சும்மா இருங்க."

"நான் சும்மாதான் இருக்கேன். அடுப்ப மட்டும் காமி."

கல் உப்பும் சேர்த்துப் பொன்னிறமாக வறுத்து, மூட்டை கட்டி, தன் புறங்கையில் வைத்துச் சூடு பார்த்து, முதுகு முழுக்க ஒற்றினார். வலி அங்கேதான், பேட்சும் அங்கேதான். அதன்மேலும் ஒற்றினார். கொஞ்ச நேரத்தில் இவர் தோள் தளர்ந்தது. நெற்றிச் சுருக்கம் போனது. "யக்கா, இப்பத்தாங்கா உசுரு வருது" என்று சொல்லிவிட்டு, எத்தனையோ நாளைக்குப் பிறகு மல்லாந்து படுத்துத் தூங்கினார்.

எனக்குச் சந்தோஷம்தான், பொய் சொல்லக் கூடாது. அதே நேரம் வயிறும் எரிந்தது. காசு கொட்டுவது என் பிள்ளை, வேளை பார்த்து ஒட்டுவது நான், பேர் வாங்குவது தவிடு. தெருவில் போகிறவர்கள் எல்லாம் உள்ளே வந்து, "அம்சம் வந்துதான் மாமாவ எந்திரிக்க வச்சுச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அண்ணி அந்தப் பேச்சை உச்சி குளிரக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் உள்ளே பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாகவே கழுவுவேன்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது அண்ணியும் கூட வந்தார். "வேற ஏதாச்சும் மருந்து குடுக்குறீங்களா? நாட்டு மருந்து, தூக்க மாத்திரை, இப்படி?" என்று டாக்டர் கேட்டார்.

"சத்தியமா ஒண்ணும் இல்லீங்க" என்றார் அண்ணி.

நானும் தலையாட்டினேன். பொய்யில்லை. ஒத்தடத்தை யார் மருந்து என்று சொல்வார்கள்? வெந்நீர் வைத்துக் கொடுப்பதை மருந்து என்று சொல்வோமா? டாக்டர் அதையே எழுதிக்கொண்டு அதே பேட்சைத் தொடரச் சொன்னார்.

தை பிறந்து அறுவடை வந்தது. அன்றைக்கு எங்கள் வயலில் அறுப்பு மிஷின் இறங்கியிருந்தது. வானம் மூடிக்கொண்டு வந்ததால் எனக்கு நெல்லைப் பற்றித்தான் கவலை. ஈரம் கூடினால் கொள்முதல் நிலையத்தில் எடுக்கமாட்டார்கள். சாலையில் கொட்டியிருந்த நெல்லுக்குத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு மதியம் வீட்டுக்கு வந்தேன். காலையில் வலி அதிகமென்று இவர் கேட்டிருக்கிறார், அண்ணி ஒத்தடம் கொடுத்திருக்கிறார். பிறகும் கேட்டிருக்கிறார், பிறகும் கொடுத்திருக்கிறார். மூன்றாவதாக மூட்டையை முதுகின் கீழேயே வைத்துப் படுக்கவைத்து, மேலே கம்பளியையும் போர்த்தியிருந்தார்.

"ஷ்ஷ்" என்று உதட்டில் விரலை வைத்தார். "அசந்து தூங்குறான். எழுப்பாத."

"கஞ்சி ஆறிப்போவுது அண்ணி."

"ஆறட்டும். தூங்குற புள்ளையத் தட்டி எழுப்புனா பாவம். எத்தன நாளாச்சு அவன் இப்படித் தூங்கி?"

என் குணம் எனக்குத் தெரியும். சொன்னதற்கு எதிராகச் செய்யாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. வயலில் நின்று வந்த எரிச்சல் வேறு. என் வீட்டில், என் புருஷனை எழுப்ப நான் யாரிடம் உத்தரவு வாங்க வேண்டும்? கஞ்சிக் கிண்ணத்தோடு போய்த் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

அவர் எழுந்திருக்கவில்லை.

இன்னொரு தடவை உலுக்கினேன். தலை ஒரு பக்கம் சாய்ந்தது. குறட்டை என்று நினைத்திருந்த சத்தம் குறட்டை இல்லை, தொண்டைக்குள் ஏதோ அடைத்துக்கொண்டு இழுக்கிற சத்தம். ஒரு மூச்சு வந்தது. அடுத்தது வரவில்லை. வரவே இல்லை. நான் கத்திக் கூப்பிட்ட பிறகு ஒன்று வந்தது. உதடு நாவல்பழம் தின்ற மாதிரி இருந்தது. கிண்ணம் எங்கே விழுந்ததென்று எனக்குத் தெரியாது.

நூற்றெட்டுக்குப் போன் செய்தேன். "கூப்டா பதில் சொல்றாரா?" என்று கேட்டார்கள். "பதிலா? என்னங்க, என்னங்கன்னு கத்துறேன், கண்ணத் தொறக்க மாட்டேங்கிறாரு!" என்று அழுதேன். ஆம்புலன்ஸ் நேராக அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போனது. என்னை யாரும் கேட்கவில்லை. வீம்பு பிடிக்கிற நிலையில் இவரும் இல்லை.

அங்கே கண்ணை விரித்து டார்ச் அடித்துப் பார்த்தார்கள். கறுப்பு முழி கடுகாகச் சுருங்கியிருந்தது. என்ன மருந்து என்று கேட்டார்கள், பேட்ச் என்று சொன்னேன். உடனே புரட்டிப் போட்டு அதை உரித்து எடுத்து, ஓர் ஊசியும் போட்டார்கள். உரித்ததைக் கையுறைக் கையில் வைத்துப் பார்த்த நர்ஸ், "இது என்னம்மா, சுத்தி ஒட்டியிருக்கு?" என்று கேட்டாள். பேட்சின் ஓரமெல்லாம் வறுத்த தவிடு. ஒத்தடம் கொடுத்ததைச் சொன்னேன்.

இவர் திடுக்கென்று மூச்சை இழுத்து, கண்ணைத் திறந்து, வலியில் "ஐயோ" என்று கத்தினார். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் எனக்கு உயிர் வந்தது. அவருக்கு வலி திரும்பியதற்காக நான் சாமி கும்பிட்ட நேரம் அது ஒன்றுதான்.

தோலுக்குள் இறங்கிய மருந்து தீரும்வரை பக்கத்திலேயே வைத்துப் பார்க்க வேண்டும் என்று மறுநாள்வரை யாரும் எங்களை நகரவிடவில்லை. காலையில் வலி நிவாரணப் பிரிவு டாக்டர் ஆஷிகா வந்தார். அதிராம்பட்டினத்துப் பெண். ராஜராஜன் வயதுதான் இருக்கும். என்னையும் அண்ணியையும் உட்காரவைத்துப் பேசினார்.

"அம்மா, இந்த பேட்ச்சுல இருக்கிற மருந்து ரொம்ப வீரியமானது. தோல் வழியா கொஞ்சம் கொஞ்சமாத்தான் உள்ள போகணும். மேல சூடு வச்சீங்கன்னா வேகமா இறங்கிடும். வலி போகும். கூடவே மூச்சும் கொறஞ்சிடும். நேத்து அதான் ஆச்சு."

அண்ணி மெதுவாகக் கேட்டார். "அப்ப டாக்டரம்மா, இத்தன நாளும் நான் ஒத்துனதும் அவனுக்கு வலி விட்டுச்சே?"

"அந்த மருந்துதாம்மா. சூட்டுல அது கூடுதலா உள்ள போயிருக்கு."

அண்ணி தன் இரண்டு உள்ளங்கைகளையும் மடியில் வைத்துப் பார்த்தார். பேர் தவிட்டுக்குப் போகிறதே என்று வயிறெரிந்தவள் நான். இதோ, பேட்சுக்குத்தான் பேர் என்று படித்த டாக்டரே சொல்லிவிட்டார். அதோடு விட்டிருக்கலாம். எனக்கு ஆற்றாமை. முந்தின நாள் பயமெல்லாம் கோபமாக வந்தது. "எழுப்பாத எழுப்பாதன்னீங்களே! கொன்னுருப்பீங்களே அண்ணி!" என்று வார்டே திரும்பிப் பார்க்கக் கத்தினேன்.

அண்ணி எழுந்தார். தம்பியின் கால்மாட்டில் கொஞ்ச நேரம் நின்றார். தொடவில்லை. பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

டாக்டர் ஆஷிகா இனிமேல் பேட்ச் வேண்டாம், மார்ஃபின் என்கிற வலி மாத்திரை தருகிறேன் என்றார். விலை என்ன என்று கேட்டேன். "இங்க சீட்டுப் பதிஞ்சு வாங்கினா இலவசம்மா. மத்த மருந்துக்கும் அரசாங்க மருந்தகத்துல, மலிவு விலை மருந்தகத்துல எழுதித் தரேன். காப்பீட்டு அட்டை இருக்கா?" என்றார். அட்டை பீரோவில் புடவைக்கடியில் புதுக்கருக்கு மாறாமல் கிடந்தது. எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பிள்ளையின் தூக்கத்தையெல்லாம் விற்றுப் பேட்ச் வாங்கினோமே! கட்டிலில் கிடந்தவரைப் பார்த்தேன். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"வீம்புக்கு மாத்திரை இருந்தா அதையும் எழுதிக் குடுங்க டாக்டர்" என்றேன்.

நாலு மணி நேரத்துக்கு ஒன்று. நடுவில் தாங்காத வலி வந்தால் எழுதியிருக்கிற அளவுக்குள் ஒன்று கூடுதல். மலச்சிக்கலுக்கு மறக்காமல் மருந்து. பூட்டி வைக்க வேண்டும், யாருக்கும் கொடுக்கக் கூடாது, காலி மாத்திரை அட்டையையும் மிச்சத்தையும் இங்கேயே திருப்பித் தர வேண்டும். தட்டி எழுப்பி எழுந்திருக்காவிட்டால் ஒரு நிமிஷமும் யோசிக்காமல் நூற்றெட்டு. எல்லாவற்றையும் இரண்டு தடவை சொல்லி, என்னைத் திருப்பிச் சொல்லவைத்து அனுப்பினார்.

சொன்னதெல்லாம் மண்டையில் ஏறியது, மனசில் ஏறவில்லை. மாத்திரையைக் கையில் எடுத்தாலே அந்த நீல உதடு கண்முன் வரும். இன்னும் கொஞ்சம் பொறுங்கள், இன்னும் கொஞ்சம் பொறுங்கள் என்று தள்ளித் தள்ளிக் கொடுத்தேன். அவரும் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்காமல் இருந்தார். அடுத்த முறை போனபோது டாக்டர் மிச்சத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, "ஏம்மா, சிறுவாடு சேக்குறீங்களா?" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். "உங்களுக்கு பயமா இருக்கும், நியாயம்தான். ஆனா கூடக் குடுத்தாலும் தப்பு, கொறச்சுக் குடுத்தாலும் தப்பு. அவரு சும்மா வலியில கிடக்கிறாரும்மா" என்றார். அன்றிலிருந்து கடிகாரத்தைப் பார்த்துக் கொடுத்தேன். கொடுத்துவிட்டு மூச்சைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சாப்பிட்டேனா குளித்தேனா என்று எனக்கே நினைவிருக்காது.

இதற்கு நடுவில் எதிர்வீட்டுச் சிங்காரவேலு இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தான். "அத்தை, மூட்டை தூக்கி முறிஞ்சுபோச்சு. மாமாவோட மாத்திரையில ஒண்ணே ஒண்ணு குடுங்களேன்."

"கறிவேப்பிலைன்னு நெனச்சியா ஒரு கொத்து கிள்ளிக் குடுக்க? அவரு உடம்புக்கு அளந்து குடுத்தது, ஒன் உடம்புக்கு எமன். போயி டாக்டரப் பாரு" என்று விரட்டினேன். அவன் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பேசாவிட்டால் போகிறான்.

வலி ஓரளவு அடங்கியதும் இவர் கேட்டது ஒன்றுதான். "அக்கா போன் பண்ணுச்சா?"

பண்ணவில்லை. நான் போட்டாலும் எடுக்கவில்லை. இவர் முனகுவதைக் கேட்டுக்கொண்டிருப்பதுகூடப் பரவாயில்லை, வாசல்படியைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. ஒத்தடம் இனிக் கொடுக்கலாமா என்று டாக்டரிடமே போனில் கேட்டேன். முதுகில் பேட்ச் இல்லையே, கை பொறுக்கிற இளஞ்சூட்டில், அழுத்தாமல் தாராளமாகக் கொடுங்கள் என்றார். சிங்காரவேலுவின் பெண்சாதியை இவருக்குத் துணை வைத்துவிட்டு ரயில் ஏறிக் குத்தாலம் போனேன்.

அண்ணி கொல்லையில் நெல் காயவைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முறம் கையிலிருந்து நழுவியது. "போயிட்டானா?" என்றார்.

"அய்ய, வாயக் கழுவுங்க! உங்களக் கேட்டுக்கிட்டு இருக்காரு. வாங்க."

"நான் வரல தாயி. எந்தம்பி எங்கிட்ட உசுர நம்பிக் குடுத்தான். நான் என்ன பண்ணேன்? பக்கத்துல ஒரு புள்ளைக்கி சுளுக்குன்னு வந்தாங்க. தொட மாட்டேன்னுட்டேன். இது ராசியில்லாத கை."

மன்னிப்புக் கேட்கிற பழக்கம் எங்கள் இரண்டு பேருக்குமே கிடையாது. "அன்னிக்கி நான் பேசுனது அதிகம்தான் அண்ணி. நீங்க எங்க தெரிஞ்சு செஞ்சீங்க? நானும்தான பக்கத்துல இருந்தேன்? டாக்டரே ஒத்தடம் குடுக்கச் சொல்லிட்டாங்க. எனக்கு அந்தச் சூட்டுப் பக்குவம் வராது. தவிட்டத் தீச்சுடுவேன்" என்றேன். அது நிஜம்தான். அவர் மூக்கைச் சிந்திக்கொண்டு உள்ளே போய் மஞ்சள் பையைத் தேடினார்.

சாயங்காலம் அண்ணி தவிடு வறுத்தார். புறங்கையில் வைத்துப் பார்த்தார், என் கையிலும் வைத்து "பொறுக்குதா?" என்று கேட்டார். ஆறட்டும் என்று காத்திருந்தார். பயந்து பயந்து, வெறும் முதுகில், பூ வைப்பதுபோல ஒற்றினார்.

"எப்டிறா இருக்கு?"

"போயிருச்சுக்கா. நீ கை வச்சதுமே போயிருச்சு" என்றார் இவர்.

அண்ணி முகத்தில் பழைய களை வந்தது. எனக்கும் மனசு லேசானது. மாத்திரை வேளை வந்துவிட்டதால் தண்ணீரோடு எடுத்துப்போனேன்.

"வேணாம்" என்றார் இவர். "அதான் அக்கா வந்திருச்சுல்ல. வலியே இல்ல."

நான் மாத்திரையும் கையுமாக நின்றேன். வேளைக்குக் கொடுக்க வேண்டும் என்பது தெரியும். இப்போது வற்புறுத்திக் கொடுத்தால் அண்ணியின் கையை இரண்டாம் தடவை வெட்டுவதாக ஆகும். கொடுக்காவிட்டால் இந்த மனுஷன் அக்காவுக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பார். என்ன செய்வது என்று புரியாமல் அண்ணியைப் பார்த்தேன்.

அண்ணி தம்பியின் முகத்தைப் பார்க்கவில்லை. கட்டில் சட்டத்தைப் பிடித்திருந்த இவர் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். முட்டியெல்லாம் வெளுத்திருந்தது. ஒத்தட மூட்டையைக் கீழே வைத்துவிட்டு, அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டார்.

"பொய் சொல்றான் அகிலாண்டம். சின்னப் புள்ளையிலேருந்தே எனக்காகப் பொய் சொல்லுவான்" என்றார். என்னிடம் கையை நீட்டினார். "கொண்டா. இத நான் குடுக்கிறேன்."

தலையைத் தூக்கிப் பிடித்து, மாத்திரையை வாயில் வைத்து, தண்ணீர் ஊற்றினார். இவர் விழுங்கினார். கண்ணின் ஓரத்தில் தண்ணீர் வழிந்து காதுக்குள் போனது. அண்ணி முந்தானையால் துடைத்தார்.

கொஞ்ச நேரத்தில் இவர் தூங்கிப்போனார். நான் இந்தப் பக்கம், அண்ணி அந்தப் பக்கம். அண்ணியின் உள்ளங்கை அவர் நெஞ்சின்மேல் இருந்தது. அது ஏறுவதையும் இறங்குவதையும் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். மூச்சு சீராகத்தான் இருந்தது. உதடும் நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் அண்ணிக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"கஞ்சி இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்கு அண்ணி. தூங்குறாரே."

"தூங்குனா என்ன? எழுப்பு."

நான் தோளைத் தொடுவதற்குள் அண்ணியே தட்டினார். "டேய் நடராசு. டேய். எந்திரிறா."

இவர் கண்ணைத் திறந்து எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏன்டி, மனுசன நிம்மதியாத் தூங்க விட மாட்டீங்களா ரெண்டு பேரும்? அறிவிருக்கா?" என்று என்னைத்தான் திட்டினார். அக்காவைத் திட்ட முடியாதே.

அண்ணி முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு குலுங்கினார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று பார்க்க எனக்குக் கண் தெரியவில்லை. "இன்னும் ரெண்டு வார்த்த திட்டுங்க" என்று சொல்லிவிட்டுக் கஞ்சியைச் சூடு பண்ணப் போனேன்.